பாட்டியின் பாதம்

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, உச்சிவெயில்ல பாட்டி வெறுங்காலோடு கோயில் பிரகாரத்தைச் சுத்தி வந்தார். "சுடலையா பாட்டி?" என்று கேட்டேன். "ஒன்னும் தெரியலையேப்பா" என்றார். பக்தி என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் காலை மெத்தை விரிப்பில் ஈரக்கறை. பாதத்தைத் திருப்பிப் பார்த்தால் பெரிய கொப்புளம் உடைந்திருந்தது. பாட்டிக்கு இருபது வருஷமாக இனிப்பு நீர்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசியாவில் பெரியவர்களில் ஏறக்குறைய 5 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர் இருந்தது. பெரிய இனங்களில் இந்தியர்களிடம்தான் அதிகம். ஆக, இது நம் வீட்டுப் பாடம்.

சூடு ஏன் தெரியவில்லை? இரத்தத்தில் சர்க்கரை பல வருஷம் கூடியே இருந்தால் நரம்புகள் கெடும். நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போவதால் பெரும்பாலும் அங்கேதான் முதலில் மரத்துப்போகும். இரத்த ஓட்டமும் குறைந்தால் புண் சீக்கிரம் ஆறாது. கிருமி ஏறினால் விரலையோ காலையோ எடுக்க வேண்டிய நிலை வரலாம். நான் படிக்கும் பொறியியலில் சொன்னால், சென்சார் கெட்டுப்போச்சு, அலாரம் அடிக்காது. அதனால் வேறொருவர் கண்தான் சென்சாராக இருக்க வேண்டும்.

பாட்டியின் புண் ஆற மூன்று மாதம் ஆனது. கட்டுப் போட்ட மிஸ்ஸியிடம் நான் கற்றுக்கொண்டவை இவை:

1. தொடு சோதனை: பாட்டி கண்ணை மூடட்டும். இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஆள்காட்டி விரலால் மெதுவாக ஓரிரு விநாடி தொடுங்கள். அழுத்தக் கூடாது. ஆறில் இரண்டோ அதற்கு மேலோ தெரியவில்லை என்றால் கிளினிக்கில் சொல்லுங்கள்.

2. தினமும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பாருங்கள். வெடிப்பு, கொப்புளம், சிவப்பு, வீக்கம் இருக்கா?

3. வெதுவெதுப்பான நீரில் கழுவி, விரலிடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். நீரின் சூட்டை நீங்களே பாருங்கள், பாட்டி காலை விட்டுப் பார்க்க வேண்டாம்.

4. காலாணியை பிளேடால் வெட்டாதீர்கள். புண்ணில் மஞ்சளோ எண்ணெயோ பூசாதீர்கள். சுத்தமான துணியால் மூடி, அன்றே கிளினிக்குக் கூட்டிப் போங்கள்.

5. வீட்டுக்குள்ளும் சிலிப்பர் போடச் சொல்லுங்கள். கோயிலுக்கு வெயில் ஏறுமுன் காலையிலோ, தரை ஆறிய பிறகு இரவிலோ போகலாம்.

முதலில் பாட்டி கூச்சப்பட்டு காலை இழுத்துக்கொண்டார். "நீ படிக்கிற பிள்ளை, உனக்கு எதுக்குய்யா இது?" என்றார். ஒவ்வொரு தீபாவளிக்கும் அந்தக் காலில் விழுந்து எழுந்தவன் நான். ஒரு முறைகூட அதன் அடியைப் பார்த்ததில்லை. இப்போது இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அவரே காலை நீட்டுகிறார். ஐந்து நிமிஷம்தான் ஆகும்.

இந்த வாரம் வீட்டில் இனிப்பு நீர் உள்ள ஒருவருக்குத் தொடு சோதனை செய்து பாருங்கள். ஆறில் எத்தனை தெரிந்தது என்று எழுதி வைத்து, அடுத்த கிளினிக் தவணைக்கு நீங்களும் கூடப் போங்கள்.