குளிர் கிருமியைக் கொல்லாது

நம்பிக்கை: ஆஸ்பத்திரியில் கரண்டை மிச்சம் பிடிப்பது நோயாளியின் உயிரோடு விளையாடுவது.

உண்மை: ஆபரேஷன் தியேட்டரில் வீணாகும் கரண்டு யாரையும் காப்பாற்றுவதில்லை.

பல்லடம், அவிநாசிப் பக்கத்து ஸ்பின்னிங் மில்களில் ஹியூமிடிஃபிகேஷன் பிளான்ட் விசிறிக்கு டிரைவ் போட்டு வேகத்தைக் கூட்டிக் குறைப்பது சாதாரண வேலை. ஆஸ்பத்திரி என்றதும் பேச்சு மாறிவிடுகிறது: தியேட்டர் ஏசி இராப்பகலாக முழு வேகத்தில், 16 டிகிரியில் ஓட வேண்டுமாம், அதுதான் சுத்தமாம். குளிரில் கிருமி சாவதில்லை. ஃபிரிட்ஜில் வைத்த இட்லி மாவும் மெல்லப் புளிக்கத்தானே செய்கிறது? தியேட்டரைக் காப்பது மூன்று: 0.3 மைக்ரான் துகளில் 99.97 சதவீதத்தைப் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி, காற்று மாறும் வேகம், வெளிக்காற்றை உள்ளே விடாத அழுத்தம். ஆஸ்பத்திரிகளுக்குத் தரச்சான்று தரும் என்ஏபிஹெச் கேட்பதும் 21 டிகிரிதான், மூன்று முன்னேபின்னே. மணிக்கு 20 காற்று மாற்றம். 1996-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வில், குடல் அறுவை செய்துகொண்ட 200 பேரில் உடல் குளிர்ந்துபோனவர்களில் 19 சதவீதத்தினருக்குப் புண்ணில் சீழ் பிடித்தது. உடல் சூட்டைக் காத்தவர்களில் 6 சதவீதம்தான். அது உடல் சூட்டின் கணக்கு, அறையின் கணக்கு அல்ல. ஆனாலும் குளிரை நோயாளிக்கு நண்பன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.

விசிறி விஷயம் இன்னும் ருசியானது. வேகத்தைப் பாதியாக்கினால் காற்றும் பாதியாகும். இழுக்கும் கரண்டோ ஏறத்தாழ எட்டில் ஒன்றாகும். 5.5 கிலோவாட் மோட்டார் ஆபரேஷன் இல்லாத 14 மணி நேரம் முழு வேகத்தில் ஓடினால் 77 யூனிட். பாதி வேகத்தில், டிரைவ் இழப்பைச் சேர்த்தாலும், 15 யூனிட்டுக்குள் முடியும். வேலையில்லாத நேரத்தில் காற்று மாற்றத்தைக் கால்பங்காகக் குறைக்க என்ஏபிஹெச் வழிகாட்டுதலே இடம் தருகிறது, அழுத்தம் கெடக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு. அடியோடு நிறுத்துவதுதான் தப்பு.

நள்ளிரவில் அவசர கேஸ் வந்தால்? நியாயமான கேள்வி. மணிக்கு 20 மாற்றம் இருந்தால், காற்றில் மிதப்பதில் 99 சதவீதம் வெளியேற 14 நிமிடம் போதும். நோயாளியைத் தயார் செய்யவே அதற்கு மேல் ஆகும். அதுவும் மனசுக்கு ஒப்பவில்லையென்றால் அவசரத் தியேட்டர் ஒன்றை மட்டும் முழு வேகத்தில் விட்டுவிடலாம். கவுனுக்குள் வியர்க்கும் சர்ஜனுக்கு 18 டிகிரி வையுங்கள், அவர் உள்ளே இருக்கும்வரை. ‘எங்களுக்குக் காற்றாலை இருக்கிறது’ என்பதெல்லாம் பதிலாகாது: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று மே முதல் செப்டம்பர் வரைதான் பலமாக அடிக்கும், தியேட்டர் ஜனவரியிலும் ஓடும்.

டிரைவ் போட்ட பிறகு இராத்திரி 11 மணிக்குத் தியேட்டர் வாசலில் உள்ள அழுத்தமானியை ஒரு தடவை பாருங்கள். முள் 2.5 பாஸ்கலுக்குக் கீழே இறங்கியிருந்தால், வேகத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள்.