அங்கே போய்த்தான் ஆக வேண்டுமா?

அன்புள்ள கயல்,

ஃபுல்பிரைட்-நேரு முனைவர் ஆய்வு நல்கைக்கு விண்ணப்பிக்கப்போவதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். திட்ட வரைவையும் படித்தேன். முதல் ஒன்றரைப் பக்கமும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் பெருமை. அதை எடுத்துவிடு. அவர்கள் பெருமை அவர்களுக்கே தெரியும். உன் ஆய்வைப் பற்றித்தான் தெரியாது.

தேர்வுக் குழு முதலில் கேட்பது இதைத்தான்: இந்த வேலையை இங்கேயே உட்கார்ந்து செய்ய முடியாதா? உன்னிடம் நல்ல பதில் இருக்கிறது. அதை நாலாம் பக்கத்தில் கொண்டுபோய்ப் புதைத்திருக்கிறாய். நீ ஆராய்வது மதுரை அமெரிக்கன் மிஷன் நடத்திய பெண்கள் பள்ளிகளை. 1834இல் மதுரையில் தொடங்கிய அந்த மிஷனிலிருந்து பாஸ்டன் தலைமையகத்துக்குப் போன கடிதங்களும் அறிக்கைகளும் ஹார்வர்டின் ஹௌட்டன் நூலகத்தில் இருக்கின்றன. வரைவை அங்கிருந்து தொடங்கு.

'ஆவணங்கள் அங்கே உள்ளன' என்று மட்டும் எழுதினால் போதாது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் என்னென்ன பார்த்தாய், எது கிடைக்கவில்லை, தரமணி ரோஜா முத்தையா நூலகத்தில் எதைத் தேடினாய் என்று சொல். இங்கே உள்ளதைத் துழாவி முடித்தவளுக்குத்தான் அங்கே போகும் நியாயம் உண்டு. இன்னொன்று: அந்த மிஷன் ஆவணங்களில் கணிசமான பகுதி மைக்ரோஃபிலிமாகவும் வந்திருக்கிறது. நேர்காணலில் 'ஃபிலிம் போதாதா அம்மா?' என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஃபிலிமில் ஏறாத தொகுதிகள் எவை என்று நூலகப் பட்டியலைப் பார்த்து இப்போதே குறித்து வை.

நல்கைக் காலம் ஆறு முதல் ஒன்பது மாதம். அதற்குள் நூறு வருஷத்தை அடைக்கப் பார்க்கிறாய். ஒரே பள்ளி, முப்பது வருஷம் என்று சுருக்கு. அதுவே தாங்காது.

அங்குள்ள பேராசிரியர் ஒருவரிடம் அழைப்புக் கடிதம் வாங்குவதுதான் எல்லோரும் தடுக்கி விழும் இடம். 'ரெஸ்பெக்டட் சார், நான் கடின உழைப்பாளி' என்று இருபது பேருக்கு ஒரே மின்னஞ்சலைத் தட்டிவிடாதே. ஒருவரைத் தேர்ந்தெடு, அவர் நூலைப் படி, பிறகு இப்படி எழுது: 'ஆசிரியைகளின் சம்பளம் பற்றி உங்கள் நூலின் மூன்றாம் இயலில் சொல்கிறீர்கள். திருமங்கலம் பள்ளிக் கணக்கு வேறு மாதிரி காட்டுகிறது. உங்கள் துறையில் சில மாதம் இருந்து இதைத் தொடர அனுமதிப்பீர்களா?' உன் சொந்த விஷயத்தை வைத்து இந்த அளவுக்கு எழுதினால் போதும். பதில் வரவில்லையென்றால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டு. அப்புறம் அடுத்தவரைப் பார்.

பரிந்துரைக் கடிதத்துக்கு, 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்பவர் எவ்வளவு பெரிய பதவியில் இருந்தாலும் வேண்டாம். (நம் பல்கலைக்கழகங்களில் இந்த வழக்கம் ஒழிய வேண்டும், அது வேறு கதை.) உன் இயல்களில் சிவப்பு மை போட்டுத் திருத்தியவர் எழுதும் ஒரு பக்கம், துணைவேந்தரின் நாலு வரியைவிட மேல்.

முனைவர் பட்டப் பதிவுத் தேதி, கடைசி நாள் போன்ற விதிகளை அமெரிக்க இந்தியக் கல்வி அறக்கட்டளையின் இணையதளத்தில் பார்த்துக்கொள். திரும்பி வந்து என்ன செய்வாய் என்ற கேள்வியைச் சம்பிரதாயம் என்று நினைத்துவிடாதே. 1950 ஒப்பந்தத்தில் தொடங்கிய இந்தத் திட்டத்துக்கு, 2008இல் போட்ட புது ஒப்பந்தத்துக்குப் பிறகு இந்திய அரசும் பங்கு பிரித்துச் செலவு செய்கிறது. நேருவின் பெயரும் அப்போது சேர்ந்ததுதான். நம் வரிப்பணத்துக்கும் கணக்குச் சொல்ல வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதற்குக் கிடைப்பது ஜே-1 விசா. காலம் முடிந்தபின் இரண்டு வருஷம் சொந்த நாட்டில் இருந்தால்தான் அமெரிக்காவில் எச்-1பி வேலை விசாவோ கிரீன் கார்டோ கேட்க முடியும். உன் அம்மா அமெரிக்க மாப்பிள்ளைக் கனவில் இருக்கிறாள். இதை முதலிலேயே அவளிடம் சொல்லிவிடு.

அன்புடன்,
பெரியப்பா