கரையேற்றிக் கழுவுங்கள்

கடலோரப் படகுக்குப் பகை உப்பு. எங்கள் ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்து ஏரிப் படகுகளுக்குக் கடினநீரும் வெயிலும் ஆகாயத்தாமரையும் பகை. ஓசூரில் ஃபைபர் வேலை செய்யும் சிறு பட்டறையில் இருக்கிறேன். லாரி, பஸ் உதிரி பாகங்களுக்கு நடுவே மிதிபடகுகளும் பழுதுக்கு வரும். அவதானப்பட்டி ஏரியில் குடும்பத்தோடு மிதித்துச் சுற்றுவீர்களே, அந்த வகைதான்.

அழுக்கைவிடக் கழுவும் முறைதான் படகை அதிகம் கெடுக்கிறது. ஃபைபரின் மேலுள்ள ஜெல்கோட் பூச்சு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் தடிமன்தான். கம்பிநாரால் தேய்த்தால் பளபளப்பு போகும், கீறலில் பாசி ஏறும், அடுத்த முறை இன்னும் அழுத்தித் தேய்க்க வேண்டிவரும். ஸ்பாஞ்சும் பழைய பருத்தித் துணியும் போதும். தண்ணீர்மட்டம் தொடும் இடத்தில் வெள்ளையாகப் படிவது சுண்ணாம்பு, சோப்புக்கு அசையாது. வினிகரைச் சம அளவு தண்ணீரில் கலந்து, துணியை நனைத்துக் கறைமேல் பத்து நிமிடம் போர்த்தி வையுங்கள், இளகிவிடும். கழிப்பறை ஆசிட் சீக்கிரம் எடுக்கும். கூடவே ஜெல்கோட்டை மங்கவைத்து, போல்ட்டையும் அரித்துவிடும்.

மிதிசக்கரத்தின் தண்டை தினமும் மாலையில் பார்க்க வேண்டும். ஆகாயத்தாமரை வேர், தூண்டில் நரம்பு, கேரி பேக் எல்லாம் அதில்தான் சுற்றும். பிடித்து இழுத்தால் சீல் கிழியும், அதனால் கத்தியால் அறுத்தெடுங்கள். கிரீஸ் வைத்தபின் பிதுங்கியதைத் துடைத்துவிடுங்கள். விட்டால் அது ஏரிக்குத்தான் போகும்.

விரிசல்தான் பெரிய வேலை. அடிப்பாகத்தை விரல் மூட்டால் தட்டிக்கொண்டே போங்கள். ‘ணங்’ என்று கேட்டால் நல்லது. ‘மொத்’ என்று கேட்டால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது, அல்லது தண்ணீர் இறங்கியிருக்கிறது. உடனே ஒட்டுப்போடக் கூடாது. கவிழ்த்து, நிழலில் காற்றாட நாள்கணக்கில் காயவிட வேண்டும். ஈரத்தின்மேல் போட்ட கண்ணாடியிழை மேட் அடுத்த கோடைக்குள் பெயர்ந்துவிடும். காய்ந்தபின் எமரித் தாளால் சுற்றிலும் சரிவாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, பிறகு மேட்டும் ரெசினும். ஒரு கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லி ஹார்டனர். ஓசூரின் மார்கழிக் காலைக் குளிரில் ரெசின் சரியாக இறுகாது. அதற்காக ஹார்டனரைக் கூட்டி ஊற்றாதீர்கள், வெயில் ஏறும்வரை பொறுங்கள். பட்டறைக்குப் புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லித்தருவது இதுதான்: ரெசின் இறுகுவதை வேகப்படுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதே, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் நன்றாகக் கலக்கிவிட்டு, அதன்பிறகே ஹார்டனர். கண்ணாடியும் கையுறையும் முகமூடியும் போட்டுத் திறந்த இடத்தில் செய்ய வேண்டிய வேலை இது.

ஒகேனக்கல் பரிசலுக்கும் சோதனை உண்டு. முன்பு தோல் போர்த்தினார்கள். இப்போது மூங்கில் சட்டத்தின்மேல் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும். வெயிலில் கவிழ்த்து வைத்து உள்ளிருந்து பார்த்தால், ஓட்டை இருக்கும் இடம் நட்சத்திரமாய் மினுக்கும். அங்கே தார் வையுங்கள்.

சோப்பு விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். நந்தி மலைப் பக்கம் பிறக்கும் தென்பெண்ணையில்தான் பெங்களூரின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாக வரும் கழிவுநீர் கலக்கிறது. ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் அந்தத் தண்ணீர் விழும்போது வெள்ளை நுரை பொங்கி, காற்றில் பறந்து வயலில் விழுகிறது. அந்த நுரைக்கு வீட்டு சோப்புத்தூளும் ஒரு முக்கியக் காரணம். அந்த ஆற்றுக்குப் பக்கத்தில் பிழைக்கும் நாம், ஏரித் தண்ணீரில் நின்றபடி சோப்புத்தூளைக் கொட்டிப் படகு கழுவுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தினசரி அழுக்குக்கு வெறும் தண்ணீரே போதும். பறவை எச்சத்தை அன்றன்றே கழுவிவிட்டால் அதற்கும் சோப்பு தேவைப்படாது. எண்ணெய்ப் பிசுக்குக்கு மட்டும் சில சொட்டுத் திரவ சோப்பு, அதுவும் கரையேற்றிய பிறகு.

ஒரு ஏரிப் படகை இன்னொரு ஏரிக்கு லாரியில் ஏற்றுபவர்கள் மறக்கக் கூடாத ஒன்று உண்டு. ஆகாயத்தாமரையின் ஒரு துண்டுத் தண்டு போதும், புது ஏரியில் முளைத்துப் பரவ. நியூசிலாந்தில் 2004இல் டிடிமோ என்ற பாசி ஆறுகளில் தெரியவந்தபின், படகைப் பார், கழுவு, காயவை என்று ஊரெங்கும் சொன்னார்கள். நமக்கும் அதுவே பொருந்தும். மிதிசக்கரப் பெட்டிக்குள்ளும் கைவிட்டுப் பாருங்கள்.

லைஃப் ஜாக்கெட்டுகளை நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் கிடந்தால் துணியும் தையலும் இற்றுப்போகும். இழுத்துப் பார்க்கும்போது பட்டை பிரிந்தால் அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

படகு இல்லம் நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள். தண்ணீரிலிருந்து தள்ளி, கரைமேட்டில் ஒரு சிமென்ட் கழுவுமேடையும், அதன் கழிவுநீர் இறங்க ஒரு குழியும் அமையுங்கள். படகு நிறுத்துமிடம் கட்டும்போதே இதையும் சேர்த்துக் கட்டினால் செலவு அதிகம் ஏறாது.