நிவாரணம் நின்ற பிறகு வரும் மாதங்கள்

நிவாரண அட்டைக்கு அரிசி, மா, பருப்பு கிடைக்கும்வரை ஒரு வீட்டின் உண்மை நிலை வெளியே தெரிவதில்லை. அடுப்பு எரியும். ஆனால் அதை எரிய வைப்பது வீட்டின் உழைப்பா, நிவாரணமா என்பது வேறு கேள்வி.

2004 டிசம்பர் 26 கடல்கோளுக்குப் பின் ஆளுக்கு வாரம் 375 ரூபா வழங்கப்பட்டது நினைவிருக்கும்: 175 ரூபாவுக்குப் பொருள், 200 ரூபா காசு. ஐந்து பேருள்ள வீட்டுக்கு நான்கு வாரத்தில் 7,500 ரூபா. அது நின்ற மாதத்தில்தான் பல வீடுகளின் நிலை தெரிய வந்தது.

அரசாங்கம் வறுமையை அளப்பது பெரும்பாலும் நுகர்வைக் கொண்டு. தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2009/10 இல் ஒருவருக்கு மாதம் 3,028 ரூபாவை வறுமைக் கோடாகக் கணித்தது. ஐந்து பேருக்கு 15,140 ரூபா. இலவசமாகக் கிடைத்த அரிசியின் பெறுமதியும் நுகர்வில் சேரும். ஆகவே நிவாரணம் பெறும் வீடு கோட்டுக்கு மேலே இருப்பதாகத் தோன்றலாம்.

நாடு முன்னேறினால் எல்லா ஊரும் சேர்ந்தே முன்னேறும் என்றும் எண்ணிவிடாதீர்கள். 2006/07 இல் நாட்டில் 15.2 வீதமாக இருந்த வறுமை 2009/10 இல் 8.9 ஆகக் குறைந்தது. அதே காலத்தில் அம்பாறை மாவட்டத்தில் 10.9 இலிருந்து 11.8 ஆகவும், மட்டக்களப்பில் 10.7 இலிருந்து 20.3 ஆகவும் கூடியது. 2002 ஆய்விலோ வடக்கும் கிழக்கும் சேர்க்கப்படவேயில்லை.

வினாயகபுரம் போன்ற கரையோர ஊரில் மாதமும் முக்கியம். வாடைக் காற்றில் கடல் கொந்தளித்தால் தொழில் இல்லை. பெரும்போக வெட்டு மாசி, பங்குனியில்தான். நிவாரணம் ஐப்பசியில் முடிந்தால் இடைப்பட்ட மாதங்களை எதைக் கொண்டு கடப்பீர்கள்? கோழியை விற்றால் பிறகு வாங்கலாம். வலையை, கறவை மாட்டை, விதைநெல்லை விற்றால் அடுத்த போகமும் போய்விடும். நகை அடகு வைப்பதென்றால் மீட்கும் திகதியையும் வட்டியையும் எழுதி வையுங்கள்.

இதற்கு ஒரு பாடசாலைக் கொப்பி போதும். உழைத்து வந்த காசு ஒரு பக்கம், நிவாரணமும் கடனும் மறு பக்கம். வீட்டுப் பெண்களிடமே எழுதக் கொடுங்கள். எந்தக் கடையில் எவ்வளவு பாக்கி என்பது பெரும்பாலும் அவர்களுக்குத்தான் தெரியும்.

நலன்புரி உதவிப் பதிவுக்காக உத்தியோகத்தர் வரும்போது நிவாரணத்தை மறைக்கவும் வேண்டாம், நிலையான வருமானம் என்று சொல்லவும் வேண்டாம். அது எந்த மாதத்துடன் முடிகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இடம்பெயர்ந்திருந்த ஊரில் பதிவு இருந்தால், குடும்ப அட்டையுடன் கிராம உத்தியோகத்தரிடமோ திருக்கோவில் பிரதேச செயலகத்திலோ மாற்றம் பற்றி இப்போதே கேளுங்கள்.