ஏரிக்குள் ஒரு நகர்

அன்புள்ள கயல்விழிக்கு,

'உங்கள் பகுதியின் வரலாறு' என்று பள்ளியில் கட்டுரை கேட்டிருக்கிறார்கள், தி.நகரில் துணிக்கடையும் நகைக்கடையும் தவிர எழுத என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கடைகளை விடு. தெருப் பெயர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டே நட.

நூறு ஆண்டுகளுக்கு முன் அங்கே பெரும்பகுதி ஏரி. மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்தது. 1920-இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. அந்த ஆண்டுக் கடைசியில் நீதிக்கட்சி ஆட்சிக்கு வந்தது. 1923 வாக்கில் ஏரியைத் தூர்த்து மனை பிரிக்கத் தொடங்கினார்கள்.

யார் ஆண்டபோது போட்ட ஊர் என்று நீ யாரையும் கேட்க வேண்டியதில்லை. நீதிக்கட்சியைத் தொடங்கிய மூவரும் அங்கேயே இருக்கிறார்கள்: 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயர் பெயரில் நகர், டாக்டர் நாயர் பெயரில் சாலை, டாக்டர் நடேசன் பெயரில் பூங்கா. அப்போது முதலமைச்சராக இருந்த பனகல் அரசருக்கு நடுநாயகமான பூங்கா. பின்னாளில் 1934-இல் தற்காலிக ஆளுநராகவும் இருந்த முகமது உஸ்மானுக்கு ஒரு சாலை. பாண்டி பஜாரைப் பாண்டிச்சேரியோடு முடிச்சுப் போடாதே. அது சௌந்தரபாண்டியனார் அங்காடி. வெள்ளைக்கார அதிகாரி போக் பெயரில் இருந்த சாலையில் சிவாஜி கணேசன் குடியிருந்தார். இன்று அது செவாலியே சிவாஜி கணேசன் சாலை. ஆட்சி மாறினால் பலகையும் மாறும், பார்த்துக்கொள்!

திட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பூங்காவைச் சுற்றி அகலமான சாலைகள், தோட்டம் வைக்க இடம்விட்ட மனைகள் என்று நிதானமாக யோசித்துப் போட்டது. ஆனால் அது குடியிருக்கப் போட்ட கணக்கு. 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்குகிறவர் உஸ்மான் சாலைக்கு வர ரங்கநாதன் தெருவைத்தான் பிடிக்க வேண்டும். தினமும் அத்தனை கால்கள் நடக்கும் தெருவில் கடை வைக்காமல் யார் இருப்பார்கள்? அந்தச் சின்னத் தெரு தாங்காமல்தான் 2023-இல் ஸ்டேஷனிலிருந்து பஸ் நிலையத்துக்கு 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை கட்ட வேண்டிவந்தது.

ஏரியைத் தேடுகிறாயா? மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது. எந்த வீட்டு மொட்டை மாடியில் ஏறினாலும் ஏரி தெரியாது. ஆனால் 2021 நவம்பர் மழையில் தி.நகரில் தண்ணீர் நின்றதை நீயே பார்த்திருப்பாய். பள்ளத்தில் வீடு கட்டியது ஒரு பிழை என்றால், வடிகாலை அடைத்துக்கொண்டது அதைவிடப் பெரிய பிழை என்பேன்.

ஆகவே கட்டுரையோடு ஒரு படமும் வரை. பழைய ஏரியை நீலத்தில் தீட்டு, இன்றைய தெருக்களை அதன்மேல் போடு. மாம்பலம் கால்வாயை மட்டும் மறந்துவிடாதே. இன்றைக்கும் நுங்கம்பாக்கம், தி.நகர், நந்தனம் வழியாக மழைத்தண்ணீர் அடையாற்றுக்குப் போவது அதில்தான்.

அன்புடன்,
பெரியப்பா