எண்களாகும் திரைப்பட ஒலி

கணிப்பொறியில் ஒரு திரைப்படம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதில் வரும் உரையாடல் ஒன்றின் ஒலியை மட்டும் தனியே பதிவு செய்ய விரும்புகிறோம். கணிப்பொறியால் இதைச் செய்ய முடியும். ஆனால் கணிப்பொறிக்குக் காது கிடையாது; அது கையாள்வது எண்களை மட்டுமே. அப்படியானால் ஒலி எண்களாக மாறுவது எவ்வாறு? மாறும்போது எது நிற்கிறது, எது போய்விடுகிறது? இதை அறிந்துகொண்டால், நல்ல பதிவு எது என்பதும் விளங்கிவிடும்.

ஒலியை அளத்தல்

திரைப்படத்தில் நாம் பார்ப்பவை யாவும் அசையாப் படங்களே. நொடிக்கு 24 படங்கள் அடுத்தடுத்துத் தோன்றுவதால், அவை தொடர்ந்து அசைவதாக நமக்குத் தெரிகிறது. ஒலியையும் இவ்வாறே துண்டு துண்டாகக் குறித்துக்கொள்ளலாம்.

ஒலி என்பது காற்றழுத்தத்தில் ஏற்படும் ஏற்ற இறக்கம். மைக் எனப்படும் ஒலிவாங்கி அதை மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கமாக மாற்றுகிறது. கணிப்பொறியிலுள்ள ஒலிச்சுற்று அந்த மின்னழுத்தத்தைச் சம இடைவெளிகளில் அளந்து எண்களாகக் குறிக்கிறது. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தை மணிக்கொரு முறை பார்த்து வரைபடம் வரைவதைப் போன்றதே இது. ஒவ்வோர் அளவீட்டையும் ‘மாதிரி’ என்கிறோம்.

நொடிக்கு எத்தனை மாதிரிகள் வேண்டும்? மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை உள்ள அதிர்வெண்களைக் கேட்கும். பதிவு செய்ய வேண்டிய மிக உயர்ந்த அதிர்வெண்ணைப் போல் இரு மடங்குக்கு மேல் மாதிரிகள் எடுக்க வேண்டும் என்பது விதி. ஹாரி நைக்விஸ்ட் 1928இல் தந்திக் குறிகளைப் பற்றி எழுதிய கட்டுரையிலும், கிளாட் ஷானன் 1949இல் எழுதிய கட்டுரையிலும் இதன் அடிப்படை அமைந்துள்ளது. இவ்விதிப்படி 40,000க்கு மேல் மாதிரிகள் தேவை. இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகளும், திரைப்பட ஒலியில் பொதுவாக 48,000 மாதிரிகளும் எடுக்கப்படுகின்றன. 48,000ஐ 24ஆல் வகுத்துப் பாருங்கள். ஒரு படத்துக்குச் சரியாக 2,000 மாதிரிகள் வரும். 44,100ஐ வகுத்தால் 1,837½ வரும். படத்தையும் ஒலியையும் பொருத்துவதற்கு எது வசதி என்பதை நீங்களே சொல்லிவிடலாம்.

மாதிரிகள் போதாவிட்டால் என்ன ஆகும்? திரையில் ஓடும் வண்டியின் சக்கரம் சில வேளைகளில் பின்னோக்கிச் சுழல்வதுபோலத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். சக்கரத்தின் வேகத்துக்கு நொடிக்கு 24 படங்கள் போதாமையே காரணம். ஒலியிலும் இது நிகழும். 30,000 ஹெர்ட்ஸ் அதிர்வை நொடிக்கு 48,000 முறை அளந்தால், அது 18,000 ஹெர்ட்ஸ் ஒலியாகப் பொய்க்கோலம் காட்டும். எனவே, அளப்பதற்கு முன்பே மிகை அதிர்வுகளைச் சுற்று வடிகட்டி நீக்கிவிடுகிறது.

படிகளும் உச்சியும்

ஒவ்வொரு மாதிரியையும் 16 பிட் எண்ணாக எழுதினால் 65,536 படிகள் கிடைக்கும். அவை −32,768 முதல் 32,767 வரை செல்லும். ஒலி இதற்கு மேல் உரத்தால், கணிப்பொறி 32,767 என்றே திரும்பத் திரும்ப எழுதும். மலைபோன்ற அலையின் உச்சி, கத்தியால் சீவியதுபோலத் தட்டையாகிவிடும், கேட்பதற்குக் கரகரக்கும். பிறகு ஒலியளவைக் குறைத்தாலும் தட்டை தட்டையாகவே இருக்கும். அளக்காமல் விட்டதைப் பின்னர் வரவழைக்க முடியாது. பதிவுக் கலையின் முதல் பாடம் இதுவே.

இரண்டு வழிகள்

ஒலிபெருக்கியின் முன்னே ஒலிவாங்கியை வைத்துப் பதிவு செய்வது ஒரு வழி. கணிப்பொறியிலுள்ள படத்தின் ஒலி ஏற்கெனவே எண்களாகத்தான் இருக்கிறது. இவ்வழியில் அந்த எண்கள் மின்சாரமாகி, மின்சாரம் காற்றின் அதிர்வாகி, அது மீண்டும் மின்சாரமாகி, இறுதியில் எண்களாகிறது. மின்விசிறியின் இரைச்சலும், சுவரில் பட்டுத் திரும்பும் எதிரொலியும் வழியில் சேர்ந்துகொள்கின்றன.

மற்றொரு வழி, எண்களை உள்ளுக்குள்ளேயே பிடித்துக்கொள்வது. ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருள் இதற்கு உதவும். விண்டோஸ் கணிப்பொறியாயின் அதன் ஒலி அமைப்பில் ‘வாசாபி’ என்பதையும், பதிவுக் கருவியாக ‘லூப்பேக்’ என்று முடியும் பெயரையும் தேர்ந்தெடுக்க வேண்டும். மாதிரி வீதத்தை 48,000 என வைத்து, பதிவைத் தொடங்கிய பின் படத்தை ஓடவிடலாம். கணிப்பொறி எழுப்பும் பிற மணியோசைகளும் பதிவில் விழும்; ஆதலால் மற்ற நிரல்களை மூடிவிடுவது நல்லது.

ஒரு சோதனை

பேச்சும் அமைதியும் மாறி மாறி வரும் அரை நிமிடக் காட்சி ஒன்றை இரு வழிகளிலும் பதிவு செய்யுங்கள். இரண்டு அலை வடிவங்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்து, அமைதியான இடங்களை ஒப்பிடுங்கள். ஒலிவாங்கிப் பதிவில் அங்கே புல் முளைத்ததுபோன்ற இரைச்சல் தெரியும். உள்வழிப் பதிவில் படத்திலுள்ள பின்னணி ஒலி மட்டுமே இருக்கும். அலையை மேலும் மேலும் பெரிதாக்கிப் பார்த்தால், மாதிரிகள் தனித்தனிப் புள்ளிகளாகத் தோன்றும். நாம் பேச்சென்று கேட்டது இந்தப் புள்ளிகளின் வரிசையையே.

எவ்வளவு இடம் பிடிக்கும்?

இடம், வலம் என இரு தடங்கள் உண்டு. ஒரு மாதிரிக்கு 16 பிட், அதாவது 2 பைட். ஆகவே, ஒரு நொடிக்கு 48,000 × 2 × 2 = 1,92,000 பைட். நான்கு நிமிடப் பதிவுக்கு 4,60,80,000 பைட் வேண்டும். அதையே நொடிக்கு 1,28,000 பிட் வீதமுள்ள எம்பி3 கோப்பாக மாற்றினால் பன்னிரண்டில் ஒரு பங்கே ஆகும். உரத்த ஒலியின் மறைவில் காதுக்கு எட்டாத நுண்ணொலிகளைக் கைவிடுவதால் இச்சிக்கனம் கிடைக்கிறது. கைவிட்டவை திரும்பி வாரா. எனவே, சுருக்காத ‘வேவ்’ கோப்பு ஒன்றை முதலில் சேமித்துக்கொண்டு, பிறகு சுருக்குவதே முறை.

ஒன்றை மறவாதீர்கள். திரைப்பட ஒலிக்கு உரிமையாளர் உண்டு. அவருடைய அனுமதியின்றிப் படிகளை விற்பதும் பரப்புவதும் சட்டப்படி குற்றம்.

பயிற்சி

1. இரு தடங்கள், 16 பிட், நொடிக்கு 48,000 மாதிரிகள் என்ற கணக்கில், இரண்டரை மணி நேரத் திரைப்படத்தின் முழு ஒலிக்கும் எத்தனை பைட் வேண்டும்?

2. நொடிக்கு 8,000 மாதிரிகள் மட்டும் எடுத்தால், 4,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட ஒலிகள் என்னவாகும்? பேச்சு, இசை இவற்றுள் எது மிகுதியாகக் கெடும்? மாதிரி வீதத்தை மாற்றிப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்து விடை எழுதுங்கள்.

(முதல் வினாவின் விடை: 172,80,00,000 பைட்.)