எஸ்.எஸ்.எம். சான்றிதழ் இருந்தா பெயர் நம்மளுதா?

நம்ம நண்பர்களில் பலர் இப்போ சிறுதொழில் தொடங்குறாங்க. தீபாவளி முறுக்கு, கேக், டீ-சட்டை என்று ஏதாவது ஒன்று. எஸ்.எஸ்.எம்.-இல் பதிவு செய்து, டாட் மை முகவரி ஒன்றும் வாங்கிவிட்டால் பெயர் தங்களுக்கே சொந்தம் என்று நினைத்துவிடுகிறார்கள். அது தவறு.

எஸ்.எஸ்.எம். பதிவு, இந்தப் பெயரில் நீங்கள் வியாபாரம் செய்கிறீர்கள் என்பதற்கான பதிவு மட்டுமே. பெயர் மீது தனியுரிமை வேண்டுமென்றால் மைஐபிஓ எனப்படும் அறிவுசார் சொத்துடைமைக் கழகத்தில் வணிக முத்திரையாக, அதாவது டிரேட்மார்க்காகப் பதிய வேண்டும். 2019 வணிக முத்திரைச் சட்டப்படி அது 10 ஆண்டு செல்லும். பிறகு புதுப்பித்துக்கொண்டே போகலாம்.

பதியாத பெயருக்குப் பாதுகாப்பே இல்லையா? இருக்கு, ஆனா கஷ்டம். கோலாலம்பூர் ஜாலான் ஈப்போவில் இந்தியத் தம்பதியர் நடத்திய ‘மெக்கறி’ உணவகத்தை நினைத்துப் பாருங்கள். 2001-இல் மெக்டொனால்ட்ஸ் அதன் மீது வழக்குப் போட்டது. தன் பெயரைப்போல் தோன்றவைத்து வாடிக்கையாளரைக் குழப்புகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. ‘மலேசியன் சிக்கன் கறி’ என்பதன் சுருக்கம்தான் அது என்றது உணவகம். 2006-இல் உயர்நீதிமன்றம் மெக்டொனால்ட்ஸ் பக்கம் தீர்ப்பளித்தது. 2009-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது. பெயர்ப்பலகை வேறு, சாப்பாடு வேறு, வருகிற ஆட்களும் வேறு. ‘மெக்’ என்ற ஒட்டு மட்டும் போதாது என்பது அதன் முடிவு. மீன் தலைக் கறி சாப்பிட வந்தவர் பர்கர் கடை என்று ஏமாந்திருப்பாரா என்ன! அதே ஆண்டு செப்டம்பரில் கூட்டரசு நீதிமன்றமும் மெக்டொனால்ட்ஸின் மனுவைத் தள்ளுபடி செய்தது.

நம்ம ஆளு ஜெயிச்சார்னு கைதட்டுகிறோம். ஆனால் எட்டு ஆண்டு வழக்கு அது. நாளை உங்கள் பதியாத பெயரை வேறொருவர் எடுத்துக்கொண்டால், நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில்தான் விழும். அந்தப் பெயருக்குச் சந்தையில் மதிப்பு இருக்கிறது, மக்கள் குழம்புகிறார்கள், அதனால் எனக்கு நஷ்டம் என்று மூன்றையும் காட்டணும். பழைய பில்கள், விளம்பரங்கள், முதல் நாள் போஸ்ட், எல்லாவற்றையும் தூக்கிப் போடாமல் வைத்திருங்கள்.

டொமைன் கதை இன்னும் வேடிக்கை. பதிவுக் கணினி கேட்பது ஒரே கேள்விதான்: இதே எழுத்துகளில் வேறு முகவரி இருக்கா? நடுவில் ஒரு கோடு போட்டாலே அதற்கு அது புதுப் பெயர். யாருடைய முத்திரை என்றெல்லாம் அது பார்க்காது. டாட் மை முகவரிகளை நிர்வகிக்கும் மைநிக், தகராறுகளுக்குத் தனி விதிமுறை வைத்திருக்கிறது. முகவரி உங்கள் முத்திரையோடு ஒத்திருக்க வேண்டும். எதிராளி அதைக் கெட்ட நோக்கத்தோடு பதிந்திருக்க அல்லது பயன்படுத்தியிருக்க வேண்டும். உங்களிடமே அதிக விலைக்கு விற்பதற்காக வாங்கி வைப்பது அதற்கு நல்ல உதாரணம். ஜெயித்தால் முகவரி உங்களுக்கு மாறும் அல்லது ரத்தாகும், நஷ்டஈடு கிடைக்காது.

ஆகவே லோகோவுக்குக் காசு கொடுக்கும் முன் மைஐபிஓ தளத்தில் பெயரைத் தேடுங்க. முத்திரைகள் 45 வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. முறுக்கு 30-இல், டீ-சட்டை 25-இல், உணவகம் 43-இல் வரும். ‘சுவையான முறுக்கு’ மாதிரி பொருளை வர்ணிக்கும் பெயரைப் பதிவது கடினம். உச்சரிப்பில் ஒத்த பெயர்களையும் தேடுங்க. ‘ஸ்ரீ’யை ஆங்கிலத்தில் நாமே நாலு விதமா எழுதுறோமே.